நிறையாத ரத்தப்பை

பிரசவ அறைக்கு வெளியே தானிய மண்டிக்காரர் முகவரோடு பேசிக்கொண்டிருந்தார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் நிறுவனத்தின் ஆள் அவன். பயத்தைச் சர்க்கரை தடவி விற்பதில் கெட்டிக்காரன்.

"நாளைக்கு எந்த வியாதி வந்தாலும் இந்த ரத்தத்துல இருக்கிற ஸ்டெம் செல்தான் சார் காப்பாத்தும். பிள்ளை வெளிய வந்ததுமே கொடியை வெட்டச் சொல்லிடுங்க. அப்பதான் பை நிறையும்."

"நிறையலன்னா உன்னை விடமாட்டேன் தம்பி. எடை குறைஞ்ச மூட்டையை நான் இறக்கினதே இல்ல."

நர்ஸ் கூப்பிட, உள்ளே ஓடினார். பெண் குழந்தை. ஒரு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. வெளிறிப்போய், நனைந்த பூனைக்குட்டி மாதிரி தாயின் வயிற்றின்மேல் கிடந்தது; மூச்சு முனகலாகத்தான் வந்தது. டாக்டரம்மா அதைத் துணியால் துவட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் தட்டிலேயே இருந்தது.

"வெட்டுங்க டாக்டரம்மா! பை நிறையணும்!"

"கொடி இன்னும் துடிக்குது. ரத்தம் பிள்ளைக்குள்ள போயிட்டிருக்கு. பொறுங்க."

"பொறுத்தா பையில என்னங்க மிஞ்சும்? எடை குறைஞ்சிருமே!"

"இப்ப வெட்டினா குறையறது பையில இல்ல, உங்க மகள் உடம்புல. இதை அந்த ஆள் சொன்னாரா?"

மண்டிக்காரர் கதவுப் பக்கம் திரும்பினார். கதவிடுக்கில் முகவரின் தலை நீண்டது. "சார், நேரம் போகுது! அப்புறம் வருத்தப்படாதீங்க!"

கட்டிலிலிருந்து மனைவி தலையைத் தூக்கினாள். "என்னங்க, என்னிக்கோ வரப்போற வியாதிக்கு, இன்னிக்கே இவ ரத்தத்தைப் புடுங்கிக் குடுக்கப் போறீங்களா?"

அவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது. கொடி மட்டும் விட்டுவிட்டு எழும்பி அடங்கியது.

"வெட்டாதீங்கம்மா," என்றார்.

கொடியின் துடிப்பு மெல்ல ஓய்ந்தது. குழந்தையின் உதடு சிவந்தது. பிறகு, அறையையே திட்டித் தீர்ப்பதுபோல் ஓர் அழுகை. அப்புறந்தான் டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்தார்.

வெளியே முகவர், கொடியில் மிஞ்சிய ரத்தம் பிடித்த பையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான். "கால்வாசிகூட இல்ல. கம்பெனியில எடுத்துக்க மாட்டாங்க சார்."

"எடுத்துக்க வேண்டியவ எடுத்துக்கிட்டா தம்பி," என்றார் மண்டிக்காரர். "இது உசத்தியான சரக்குதான், இல்லேங்கல. ரத்தப் புற்றுல கிடக்கிறவங்களைக்கூடப் பிழைக்க வைக்குதாம். ஆனா முதல் உரிமை பிறந்த பிள்ளைக்கு. அது குடிச்சது போக மிஞ்சினா, யார் உயிருக்காவது தானமாக் குடுக்கலாம். நம்ம பயத்துக்காகப் பிள்ளையோட பங்குல கைவைக்கக் கூடாது. இதையும் சேர்த்துச் சொல்லி வித்துப் பாரு!"