ஒயிலாட்டத்துக்கு எண் போட்டவள்

1

இந்தக் கதை ஒரகடம் கூட்டுரோட்டில் எனக்குக் கிடைத்தது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண், "மூணு ரெண்டு நாலு ஒண்ணு" என்று முணுமுணுத்துத் தோளை மட்டும் லேசாக வெட்டினாள். போன் நம்பரை மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் பேசவில்லை. ஆகவே இதற்குமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: 'ஆலைச் சங்கு அடங்கியதும் அவள் பாதங்கள்...'

வேண்டாம். இங்கே எந்த ஆலையிலும் சங்கு ஊதி நான் கேட்டதில்லை.

2

அவளுக்குப் பாண்டிச்செல்வி என்று பெயர் வைக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மார்ச்சில் முடிகிறது. ஆண்டு விழாவில் ஒயிலாட்டம் ஆடத் தன்னோடு எட்டுப் பேராகப் பெண்களைச் சேர்த்தாள். எட்டுப் பேரும் மூன்று ஷிஃப்டில் சிதறிக் கிடந்தார்கள். இவள் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது இன்னொருத்தி பஸ் ஏறுவாள்.

வீடியோ அனுப்பலாமே என்பீர்கள். (நானும் இந்த இடத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.) அவரவர்க்குத் தொடர்ச்சியாகப் பத்து நிமிடம் கிடைப்பது டீ நேரத்தில்தான். கம்பெனிக்குள் போன் கூடாது.

எனவே எண். ஒவ்வோர் அசைவுக்கும் நான்கு இலக்கம். முதலில் உறுப்பு: வலக்கால் ஒன்று, இடக்கால் இரண்டு, வலக்கை மூன்று, இடக்கை நான்கு. அடுத்துத் திசை, பிறகு உயரம், கடைசியில் எத்தனை தாளம். உடம்பு சும்மா நிற்கவேண்டிய இடத்தில் பூஜ்யம். அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொள்ளும் சீட்டில் ஆட்டம் முழுவதும் அடங்கிவிட்டது.

3

விழாவுக்காக எட்டுப் பேரையும் ஒருநாள் கம்பெனி மைதானத்தில் ஒத்திகை பார்க்க ஒரு மணி நேரம் விட்டார்கள். மூன்றாவது வரியிலேயே பெனிஷாவின் முழங்கை பாண்டிச்செல்வியின் மூக்கில் இடித்தது. பெனிஷா இருங்காட்டுக்கோட்டைக்காரி, வயர் கட்டும் லைனில் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம், இவளுக்கு எதிர்வரிசை.

"இன்னாடி, ரைட்டுன்னுதானே எழுதிக்கீற?"

"ரைட்டுன்னா இந்தப் பக்கம்லா. நீ எங்கெ பாத்துத் திரும்புதே?"

கம்பெனிப் பேச்சில் ரைட் என்றால் பெல்ட் நகர்ந்து போகிற பக்கம். எதிர்வரிசையில் நிற்பவர்களுக்கு அது இடக்கைப் பக்கம். நாலு பேர் கையைப் பார்த்தும் நாலு பேர் பெல்ட்டைப் பார்த்தும் சீட்டைப் படித்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் டெனிசன் வந்தார். லைனுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, ஒவ்வொரு வேலையிலும் எத்தனை விநாடி மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கிற இன்ஜினியர். கீழே கிடந்த சீட்டை எடுத்தார்.

[டெனிசனை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டே நிமிடத்தில் எண்களைப் புரிந்துகொண்டு, ஷூ காலோடு முதல் வரியை ஆடியும் காட்டிவிட்டார்.]

"லைன்ல ஒவ்வொருத்தர் வேலையையும் இதே மாதிரி எழுதிக் குடும்மா. வாட்ச்ல இவ்ளோ நுணுக்கம் வராது. உன்ன எங்க டிபார்ட்மென்ட்ல பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்."

4

முதலில் பெனிஷாவின் இடம். பாண்டிச்செல்வி பின்னால் நின்று எழுதினாள். பதினான்கு வயர், பதினான்கு வரி. ஒரு பீஸ் முடிந்து அடுத்தது வருமுன் பெனிஷாவின் இடக்கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு தாளம் நின்றது. எல்லாப் பீஸுக்கும் அப்படித்தான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இரண்டு வருஷம் எதிரே நின்றவளுக்கு, எழுதப் போனதால்தான் அது கண்ணில் பட்டது.

ஒயிலாட்டத்தில் அந்தப் பூஜ்யம் அழகு. லைனில் அது வெட்டவேண்டிய நேரம். வெட்டினால் மணிக்கு ஆறு பீஸ் கூடும்.

"எப்பத்துல இருந்து இப்படி இருக்கு?"

"போன வருஷம் ஓவர்டைம் பாத்தோம் பாரு, அப்பலேர்ந்து. நர்ஸாண்ட போனா லைன வுட்டே தூக்கிடுவாங்க." பெனிஷா திரும்பவில்லை. "எழுதாம வுட்டா?"

"சார் வாட்ச் வச்சுப் பாத்தா ரெண்டு தாளம் இடிக்கும். நான் பொய் எழுதிருக்கேன்னு தெரிஞ்சிரும்."

பெனிஷா அடுத்தடுத்து மூன்று வயரைச் சொருகினாள். பிறகு, "மார்ச்சுக்கப்புறம் எங்கடி போவ?" என்றாள்.

பாண்டிச்செல்விக்கு அழு... இல்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

5

முடிவு அ: பூஜ்யத்தை மறைத்து, இரண்டு தாளத்துக்கும் இல்லாத ஒரு வேலையை இட்டுக்கட்டுகிறாள். டெனிசன் நம்பிவிடுகிறார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஆடிப் பார்க்கிற மனுஷர் அவர்.

முடிவு ஆ: உள்ளபடி எழுதுகிறாள். பர்மனென்ட் ஆகிறது. ஆண்டு விழாவுக்குப் பெனிஷா...

(மேலே எழுதக் கை வரவில்லை.)

மூன்றாவதாக ஒன்று தேடி ஒரு வாரம் அலைந்தேன். அப்போதுதான் உறைத்தது. பாண்டிச்செல்வி அந்த வரியை இன்னும் எழுதவில்லை. நான் எழுதிவிட்டேன். எந்தக் கை, எத்தனை தாளம், நர்ஸிடம் ஏன் போகவில்லை, எல்லாம் நாலாம் பகுதியில் இருக்கிறது. எல்லாமே கைச்சரக்கு என்றேனே, அது பொய். மணிக்கட்டு நிஜம். நிஜத்தில் எனக்குத் தெரிந்த ஒருத்தியுடையது. அவள் இன்னும் லைனில்தான் நிற்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம். டெனிசன் தாளை வாங்க வந்துகொண்டிருக்கிறார். பாண்டிச்செல்வி பேனாவைத் திறந்தபடி நிற்கிறாள். அவளுக்கு முடிவு சொல்லும் அருகதை எனக்கு இல்லை. நீங்கள் சொல்லுங்கள். சத்தமாக மட்டும் சொல்லாதீர்கள். அவர் பக்கத்தில் வந்துவிட்டார்.