மாப்பிள்ளை கடலில் விழுந்த கதை

பிரேமுக்குப் படகு ஓட்டும் உரிமம் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேச்சைக் கேட்டால் பிறந்ததே கடலில் என்று நினைப்பீர்கள். நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து வாங்கிய சின்னப் படகு, பொங்கோல் படகுத்துறையில் நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியாரை முதல்முறையாக ஏற்றிக்கொண்டு புலாவ் உபின் தீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பினான். மாமனார் மருதப்பன் தொடக்கப்பள்ளித் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். இலேசில் யாரையும் மெச்சமாட்டார். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து பிரேமின் ஆசை.

மாமியார் ரத்தினம்மா ஏறியதுமே உயிர்காப்பு அங்கி எங்கே என்றுதான் கேட்டார். அவை முன்பக்கப் பெட்டிக்குள், வாங்கிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கிடந்தன.

"போட்டா வேர்க்கும் அத்தை. போட்டோவும் நல்லா வராது. நான்தான் இருக்கேன்ல?"

மனைவி நிரஞ்சனா, ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கிய சுருள் சுருளான சிவப்புக் கயிற்றைக் காட்டி அது எதற்கு என்றாள். ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டிய கயிறு அது. அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். வேறு யார் பிடித்து இழுத்தாலும் நிற்கும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பிரேம் சொன்னது, "அதெல்லாம் உனக்கு எதுக்கு லா?" என்பதுதான்.

இப்படி எல்லாம் தெரிந்த கேப்டன், கரையிலேயே கழிவறைக்குப் போய்விட்டு வர மறந்துவிட்டார். போதாததற்கு வழியில் இரண்டு போத்தல் பார்லித் தண்ணீர் வேறு. உபின் கண்ணுக்குத் தெரிந்தபோது அவனுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாமனாரிடம் போய் "எனக்கு அவசரமாக வருகிறது" என்று சொல்வதா? மானம் கப்பலேறிவிடாதா?

"நிரு, இதை நேரா பிடிச்சுக்கோ. எஞ்சின்ல ஏதோ சத்தம், பார்த்துட்டு வரேன்."

பெரியவர்கள் இருவரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிரேம் படகின் பின்விளிம்பில், எஞ்சினுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நின்றான். தூரத்தில் வேகமாகப் போன ஒரு படகின் அலை வந்து இடித்தது. எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பான். இரண்டு கையும் வேறு வேலையில் இருந்தன.

மேலே வந்து கண்ணைத் திறந்தபோது படகு போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் நீச்சல் குளத்தில் சப்பாத்தும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு யார் நீந்துகிறார்கள்? கத்தினான். வாய்க்குள் உப்புத் தண்ணீர்தான் போனது. அந்தப் படகைத் திருப்பி ஓட்டிவரத் தெரிந்த ஒரே ஆள் தண்ணீரில் கிடக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தேக்காச் சந்தையில் வாங்கிய வடையை மாப்பிள்ளைக்குக் கொடுக்கத் திரும்பிய ரத்தினம்மாதான் ஆளைக் காணாமல் அலறினார். மருதப்பன் எழுந்து நின்று, தண்ணீரில் தெரிந்த அவன் தலையை நோக்கி நீட்டிய கையை எடுக்கவே இல்லை. நிரஞ்சனாவுக்கு எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. முதலில் ஏதோ ஒரு பிடியைத் தள்ளினாள், படகு இன்னும் வேகமாக ஓடியது. பிறகு எப்படியோ வளைத்துத் திருப்பினாள். ரத்தினம்மா ஐஸ்பெட்டியைத் தூக்கி வீசினார். பிரேம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். படகு நேராக அவன் மேலேயே வந்தது, அடியில் எஞ்சின் விசிறி சுழலச் சுழல.

"கயிறு! சிவப்புக் கயித்தை இழு!" என்று தண்ணீரிலிருந்து கத்தினான்.

இழுத்தாள். எஞ்சின் நின்றது. மூன்று பேருமாக அவனை அரிசி மூட்டைபோல இழுத்துப் போட்டார்கள். நிரஞ்சனா துண்டை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றிப் போர்த்தினாள்.

"எப்படி விழுந்தீங்க மாப்பிள்ளை?" என்றார் மருதப்பன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "நிரு சட்டுன்னு திருப்பிட்டா மாமா."

நிரஞ்சனா அவனைப் பார்த்தாள்.

புக்கிட் பாஞ்சாங்கில் மாமனார் வீட்டுக்கு வந்த பிறகும் மருதப்பனின் திட்டு ஓயவில்லை. "ஒரு நிமிஷம் நேரா பிடிக்கத் தெரியாதா உனக்கு? சின்ன வயசிலேர்ந்து இதே கவனக்குறைவு! இன்னைக்கு ஒரு உயிர் போயிருக்கும்." ரத்தினம்மா தொலைபேசியில் யாரிடமோ, "நிரஞ்சனாதான் தெரியாம திருப்பிட்டா, பாவம் மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிரஞ்சனா தலையைக் குனிந்தபடி, "சாரிப்பா" என்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தன. மாமனாரின் கைலியைக் கட்டிக்கொண்டு பிரேம் இஞ்சித் தேநீர் குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். குவளை காலியானது. அவன் சொல்லவில்லை. தன்னை நினைத்தாலே அவனுக்குக் கூசியது.

கீழே கார் நிறுத்துமிடத்தில் நிரஞ்சனா காரில் ஏறவில்லை.

"பிரேம், நான் திருப்பல."

"தெரியும்."

"உன் ஜிப்பை யார் மூடினதுன்னு நினைச்சே?"

அவன் கை தானாகக் கைலி முடிச்சுக்குப் போனது.

"அப்பா பார்த்துடக் கூடாதுன்னு துண்டைப் போட்டு நான்தான் மூடினேன். அடுத்த நிமிஷமே நீ என்னை மாட்டிவிட்டுட்டே. மேல நீயா சொல்வேன்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் மானத்தைக் காப்பாற்றிய கையில்தான் அவன் பழியைத் திணித்திருந்தான். முகம் பற்றி எரிந்தது. மன்னித்துவிடு என்று சொல்லக்கூட வாய் கூசியது. சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, கைலியோடு திரும்ப லிஃப்டில் ஏறினான்.

மருதப்பன்தான் கதவைத் திறந்தார். "என்ன மாப்பிள்ளை, எதையாவது மறந்துட்டீங்களா?"

"மாமா, நிரு எதையும் திருப்பல. நான் பின்னாடி நின்னு ஒண்ணுக்குப் போயிட்டிருந்தேன். விழுந்துட்டேன். எஞ்சினை நிறுத்தற கயிறு எதுக்குன்னு அவ கேட்டா, நான்தான் சொல்லிக்கொடுக்கல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

சிரித்துவிடுவார் என்று மனத்தின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. ஆண்களுக்குள் இது சிரிக்கிற விஷயம்தானே. அவர் சிரிக்கவில்லை.

"அவ எங்க?"

"கீழ, கார்கிட்ட."

மருதப்பன் செருப்புக்கூடப் போடாமல் அவனைத் தாண்டி வெளியே வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படிக்கட்டில் இறங்கினார். பிரேமும் பின்னாலேயே இறங்கினான். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க இருங்க. நான் முதல்ல என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்."