எஸ்கேப் பொத்தானில் சந்தனம்

எழுந்தான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து அடுப்பில் ஊற்றினான். அது பொங்குவதற்குள் பல் துலக்கினான். மோட்டாரைப் போட்டான், தொட்டி வழிந்ததும் நிறுத்தினான். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்தான். இன்னொரு நாள் தாங்கும். காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இதில் எதைச் செய்யாவிட்டாலும் கேட்க ஆளில்லை என்பதால் ஒன்றுவிடாமல் செய்தான்.

பிறகு அர்த்தநாரி அலமாரியின் மேல்தட்டிலிருந்து தீபிகாவின் லேப்டாப்பை இறக்கினான்.

தீபிகா அவன் மனைவி. போன ஆயுத பூசையன்று இறந்தாள். சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்குப் பார்த்தவள். ஆபீஸ் பூசைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள். அன்று நெடுஞ்சாலையில் அத்தனை லாரிகளும் முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் புறப்பட்டிருந்தன. அதில் ஒரு லாரி எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வருசத் திதி. இந்தப் பக்கம் ஐயர் இல்லாமல்கூடத் திதி நடக்கும், பேனர் இல்லாமல் நடக்காது. தீபிகாவின் அண்ணன் ஜெயபிரகாஷ் பரமத்தி வேலூரில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவன். பன்னிரண்டு அடியில் சொல்லிவிட்டான். இரங்கல், கண்ணீர், ஓரத்தில் இரண்டு புறா எல்லாம் தயார். படம்தான் இல்லை. அவள் போன் அவளோடு லாரிக்கு அடியில் போய்விட்டது. அர்த்தநாரியின் போனில் இருப்பவை வாட்ஸப்பில் வந்து சுருங்கியவை. பெரிதாக்கினால் மூக்கு கட்டம் கட்டமாக உடைகிறது என்று பிளெக்ஸ் கடைக்காரர் திருப்பியனுப்பிவிட்டார். நல்ல படங்கள் இந்த லேப்டாப்பில்தான். மதியத்துக்குள் வேண்டுமாம்.

மூடி திறக்கவில்லை. இழுத்தான். டப்பென்று விட்டது.

சந்தனம். அந்த ஆயுத பூசைக் காலையில் அவள் மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட் என்று ஊடு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, கடைசியில் லேப்டாப்புக்கு வைத்தாள். மிச்சத்தை அவன் நெற்றியில் இழுவினாள். "நீங்களும் ஒரு மிசினுதானுங்க, வெறும் நெத்தியோட இருக்கக்கூடாது." லேப்டாப்பில் வைத்தது இப்போது பாதி திரையிலும் பாதி எஸ்கேப் பொத்தான் மேலுமாகப் பிய்ந்து, காய்ந்து, வெடித்திருந்தது. அவள் மோதிர விரலின் அகலம். அதைத் தொடாமல் சார்ஜரைச் சொருகிப் பவரை அமுக்கினான்.

வந்தது. வந்தவுடனே, அப்டேட்டுகள் காத்திருக்கின்றன என்றது. தீபிகா இருந்தவரை 'பிறகு நினைவூட்டு' என்பதையே அமுக்கி வந்தாள். அது சோம்பேறித்தனம் என்று அவன் அவளுக்கு வகுப்பெடுத்திருக்கிறான். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் நடத்துகிறவன், கொள்கை முக்கியம். 'இப்போதே' என்பதை அமுக்கினான்.

சதவீதம் ஏறியது, நின்றது. தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று திரை கெஞ்சியது. ஒரு வருடத்தில் இவ்வளவு மரியாதையாக யாரும் அவனிடம் எதையும் கேட்டதில்லை. காத்திருந்தான். பிறகு காத்திருக்க முடியவில்லை. லிப்டுக்குக் காத்திருப்பவன் பொத்தானைக் குத்துவதுபோல எஸ்கேப்பைக் குத்தினான், ஐந்தாறு தடவை. சந்தனத்தின் ஓரம் நொறுங்கியது. அது உறைத்த பிறகுதான் கையை எடுத்தான்.

லேப்டாப் தானாக அணைந்து, தானாக எழுந்து, கறுப்புத் திரையில் ஒரு பட்டியலைக் காட்டிக் கீக்கீக் என்று கத்தத் தொடங்கியது. எந்த வரியைத் தேர்ந்தெடுத்தாலும் அதே பட்டியல்.

ஜெயபிரகாஷ் கூப்பிட்டான். "ஏனுங்க மாப்ள, படம் என்னாச்சுங்க?"

"லேப்டாப் ஆன் ஆகலீங்க மச்சான். அப்டேட் போட்டேன்."

"அட, அத எதுக்குங்க போட்டீங்க? எங்க மண்டி கம்ப்யூட்டர்ல வாங்குனதுல இருந்து ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குது, நாங்க ஏறெடுத்தும் பாக்கறதில்ல. ஜம்முனு ஓடுது. நீங்க புள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றதே இதத்தானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பறமென்னுங்க. மதியத்துக்குள்ள பாருங்க."

பார்த்தான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தான். பலனில்லை. பின்மூடியைத் திருகிக் கழற்றி, ரேமை உருவி, அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். ஊரெல்லாம் செய்கிற வைத்தியம். எதற்குச் செய்கிறோம் என்று பாதிப்பேருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பலனில்லை. யூடியூபில் ஒருவர் பின்னணி இசையோடு, இதைச் செய்தால் நூறு சதவீதம் சரியாகிவிடும் நண்பர்களே என்றார். செய்தான். கீக்கீக்.

பிறகு, கல்லூரியில் சம்பளம் வாங்குவதற்கு ஏற்றபடி, யோசித்தான். இந்தப் பட்டியல் தானாக வராது. லேப்டாப் எழும்போது எஸ்கேப்பை யாராவது அமுக்கிப் பிடித்திருந்தால்தான் வரும். யாரும் பிடிக்கவில்லை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தான். எஸ்கேப் பொத்தான் மட்டும் பக்கத்துப் பொத்தான்களைவிடத் தாழ்ந்து நின்றது. அவன் குத்திய குத்தில் சந்தனம் உள்ளே இறங்கிப் பொத்தானை அமுக்கியபடி இறுகியிருந்தது. அப்டேட் பாவம், ஒழுங்காகவே முடிந்திருந்தது.

சரி செய்ய ஓர் ஊக்கு போதும். பொத்தானை நெம்பி எடுத்துச் சுரண்டினால் போச்சு. மேலே இருப்பதும் போய்விடும்.

ஊக்கை எடுத்து வந்தான். மேசைமேல் வைத்தான். ஊடு துடைத்தாயிற்று, துணிமணிகளை அவள் ஊட்டார் கொண்டுபோயினர், மிக்சியின் பொட்டு முதல் சட்னியிலேயே போயிற்று. அவள் விரல் வைத்த இடமென்று இது ஒன்றுதான் பாக்கி. எதற்கு ஈடாக? ஒரு பேனர். ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் வெயிலில் நிற்கும். அப்புறம் யாராவது அவிழ்த்துப்போய் ஆட்டுப்பட்டிக்குக் கூரை போடுவார்கள். தீபிகா ஆடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

போனை எடுத்தான். "மச்சான், சுத்தமாப் போயிருச்சுங்க. படம் வராது. இருக்கறத வெச்சு அடிச்சுக்குங்க."

"என்னுங்க மாப்ள இப்பிடிச் சொல்றீங்க... இருங்க, அம்மா பேசோணுமாம்."

கந்தம்மாள், அவன் மாமியார். சாவுக்குப் பிறகு அவனோடு பேசும்போதெல்லாம் சாப்பிட்டாயிற்றா என்பதைத் தாண்டிப் போனதில்லை.

"சாப்பிட்டீங்களா சாமி?"

"ஆச்சுங்கத்தை."

"போன்ல இருக்கற படத்துல மூஞ்சி துளியூண்டு இருக்குதுங்க சாமி. எனக்குக் கண்ணு வேற செரியாத் தெரியறதில்ல. அதான், பெருசாப் போட்டா ஊட்டு முன்னால உக்கோந்து பாத்துக்கலாமுன்னு இருந்தேன். மிசினு கெட்டுப்போச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. உடுங்க."

பேனர் புறாக்களைப் பற்றி அவன் வைத்திருந்த எந்தக் கருத்தும் இதற்கு உதவவில்லை.

"ஒருக்காப் பாக்கறனுங்கத்தை" என்றான்.

ஊக்கின் முனையைப் பொத்தானுக்கு அடியில் விட்டு நெம்பினான். பொத்தான் எகிறி விழுந்தது. சந்தனம் இரண்டு மூன்று சில்லாகவும் மீதி தூளாகவும் வந்தது. அடியில் இறுகியிருந்ததைச் சுரண்டினான். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் தட்டினான். காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனான். கொஞ்சம் நின்றான். திரும்ப வந்து பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பொத்தானை மாட்டி, பவரை அமுக்கினான்.

கீக்கீக் இல்லை. எழுந்தது. புதுப்பிப்பு வெற்றி, தங்கள் பொறுமைக்கு நன்றி என்றது.

திரையின் மூலையில் ஒட்டியிருந்த மீதிச் சந்தனத்துக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. அதைத் துடைக்கவில்லை. அதைத் துடைத்தால் எதுவும் சரியாகப் போவதுமில்லை.

படங்கள் இருந்தன. மேட்டூர் பூங்காவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படம் எடுக்கிறவனை ஏதோ திட்டியபடி நிற்கும் ஒன்றை அனுப்பினான். முகம் பெரிதாக இருந்தது.

ஜெயபிரகாஷ் உடனே கூப்பிட்டான். குரல் இளகியிருந்தது. "வந்துருச்சுங்க மாப்ள. அம்மா பாத்துக்கிட்டே இருக்குது. இன்னொண்ணுங்க, படத்துக்குக் கீழ நம்ம தீபிகா பாப்பா கடைசியாச் சொன்ன வார்த்தையப் போடலாமுன்னு. 'என் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்'னு சொல்லுச்சுன்னு பெரியம்மா சொல்லுது. போட்டுக்கலாமுங்களா?"

சம்பவ இடத்திலேயே மரணம் என்று போலீஸ் எழுதியிருந்தது. இருந்தும் திதி நெருங்க நெருங்க அவள் நிறையப் பேசிவிட்டிருந்தாள். போன மாதம் வரை வெறும் 'முருகா'தான்.

"போட்டுக்குங்க மச்சான்" என்றான்.

போனை வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டான்.

அன்றைக்கு அவள் வாசல்படியில் ஸ்கூட்டர் சாவியோடு நின்று, மேசைப்பக்கம் கையைக் காட்டி ஒன்று சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினான். ஸ்கூட்டர் தெரு முக்குத் திரும்புவதற்குள், தூசு விழுமே என்று, போய் மூடினான்.

"சந்தனம் இன்னும் காயலீங்க. அதுக்குள்ள மூடிப்போடாதீங்க."