பட்டன் வைத்த சட்டை

...மூச்சை அடக்கக் கூடாதாம், டாக்டர் சொல்லிக்கொண்டேயிருக்கிறார், அடக்காமல் எப்படி இருப்பது, நெஞ்சின் மேல் ஒருவர் குனிந்து ஒவ்வொரு முடியாகத் தோண்டி எடுக்கும்போது... வலி இல்லை, ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டார்கள், சத்தம் மட்டும்தான், சளி பிடித்த ஷேவிங் மிஷின் போல நின்று நின்று வருகிறது, நிற்கும்போதெல்லாம் ஒரு முடி வேரோடு போய்விட்டது என்று அர்த்தம். பக்கத்தில் நர்ஸ் அதை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுகிறாள். தலைக்கு முடி வைக்க நெஞ்சிலிருந்து எடுப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான், ஆனால் வேறு வழியில்லை, பின்தலையிலிருந்து எடுக்க வேண்டியதையெல்லாம் முதல் டாக்டரே எடுத்துவிட்டார், காதுக்குக் காது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு தழும்பையும் விட்டுவைத்தார். இனி அங்கே கை வைத்தால் அதுவும் வழுக்கையாகும். “நெஞ்சு முடி தலைக்குப் போனாலும் அதோட குணம் போகாது சார், சுருண்டு குட்டையாத்தான் வளரும், முன்னாடி வைக்க மாட்டேன், நடுவுலயும் தழும்புலயும் வச்சு நிரவிடறேன், முன்னாடி இருக்கற கொத்தையெல்லாம் பிரிச்சு நடறேன்” என்றார் இந்த டாக்டர். குணம் போகாது. சரி, போகாமலே இருக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்வை போனால் போதும்.

கொத்து... அந்த வார்த்தையைக் கேட்டாலே காது சூடாகிறது. கல்யாணத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் ஒரு மாடிப்படி ஏறிப்போய் வைத்துக்கொண்டது, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, நெற்றி ஓரத்தில் டூத் பிரஷ் நார் போலக் கொத்துக் கொத்தாய், கொத்துக்கு நடுவில் வெறும் தோல். வேறு வேலையில் இருந்தாலாவது பரவாயில்லை. ஒரு கோப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காலத்தை ஓட்டியிருக்கலாம், அவனோ கண்ணாடிக் கடையில், எதிரில் இருப்பவரின் மூக்குக்கும் தன் மூக்குக்கும் ஒரு ஜாண் தூரத்தில் ஃபிரேமை மாட்டிக் காதோரம் சரிபார்க்கிற வேலையில்... அதுவரை மங்கலாகத் தெரிந்த உலகம் அவர்களுக்குத் தெளிவாகிற அந்த நிமிஷம், முதன்முதலில் கண்ணில் படுவது அவன் நெற்றிதான். போன மாதம் வந்த அந்த அம்மாள், பாவம், நல்ல மனுஷி, புதுக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துச் சிரித்தாள், பார்வை மேலே போனது, நின்றது, சட்டென்று கீழே இறங்கிச் சுவரிலிருந்த எழுத்துப் பலகைக்கு ஓடியது. “நல்லா தெரியுதுங்களா” என்று கேட்டான். “நல்லாவே தெரியுதுப்பா” என்றாள். அவள் பவரைத்தான் சொன்னாள், அவனுக்கும் தெரியும், ஆனாலும் அன்று மதியம் முழுக்க லென்ஸ் துடைக்கும் துணியால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மனைவி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவள் எதைத்தான் விட்டுவைத்தாள், அவன் தொப்பையை, குறட்டையை, வண்டி ஓட்டும் லட்சணத்தை, எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருக்கிறாள். “உங்க குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லுது, ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிறீங்க?” தலைமுடியைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணமான புதிதில் அவனாகவே முந்திக்கொண்டு, எங்க பரம்பரைக்கே முடி இப்படித்தான் என்று சொன்னான், அவள் ம் என்றாள், அதோடு சரி, நம்பிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று எவ்வளவு நிம்மதி அப்போது. பிறகு மகள் பிறந்து, வளர்ந்து, ஒரு நாள் அப்பாவை வரைந்தாள், அம்மாவுக்குத் தலை நிறையக் கறுப்பு தீட்டியவள் அப்பாவுக்கு மட்டும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும் கோடுகள். குழந்தை கண்டதை வரைந்திருக்கிறது. மனைவி அதை ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை, மற்ற படங்களையெல்லாம் ஒட்டுகிறவள் அதை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள்... ஏன் ஒட்டவில்லை? அன்றைக்குத்தான் இந்த டாக்டரைத் தேடிப் போனான்.

லென்ஸ் கம்பெனியில் புது மிஷினுக்கு டிரெய்னிங், வெளியூர், மூணு நாள் என்று வீட்டில் சொல்லியிருந்தான். பொய் சரளமாக வந்தது, அதுதான் வெட்கம். தொப்பி வாங்கிவிட்டான், கடையிலும் போடலாம், தலையில் ஏதோ அலர்ஜி என்று சொல்லிக்கொள்ளலாம், தலைக்கு வேண்டிய பொய் எல்லாம் தயார். தலைக்கு... மிஷின் நிற்கிறது, நர்ஸ் ஈரப் பஞ்சால் நெஞ்சைத் துடைக்கிறாள், அப்போதுதான் பகீரென்கிறது, நெஞ்சுக்கு என்ன பொய் சொல்லப்போகிறான்? இதை எப்படி நினைக்காமல் போனான்? அவன் உடம்பிலேயே அவன் வெட்கப்படாத ஒரே இடம் அது, அதனால்தான் நினைவுக்கே வரவில்லை. அவள் அதைக் கம்பளி என்பாள். “இந்தக் கம்பளியில தலை வச்சாதான் எனக்குத் தூக்கமே வருது” என்று தினமும் கன்னத்தை வைத்துக்கொள்வாள், கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். பத்து வருஷமாக அவனை நிமிர்ந்து பார்க்காமல் அவனிடம் படுத்திருக்க அவளுக்கு இருந்த இடம். அதைத்தான் பறித்து, முன்பின் தெரியாத அம்மாள்கள் பார்ப்பதற்காக மேலே நட்டுக்கொள்கிறான். வந்தால் மலை, போனால் மயிர் என்று சும்மா சொல்லிவிட்டார்கள்.

“எந்திரிங்க சார், மெதுவா. நெஞ்சு முடிஞ்சுது, ஒரு வாய் சாப்பிட்டுட்டு நட ஆரம்பிச்சிடலாம்.” நர்ஸ் நெஞ்சில் மருந்துத் துணியை ஒட்டினாள். “சட்டையை இப்பவே மாத்திக்கோங்க, நட்டதுக்கப்புறம் தலை வழியா எதையும் போடவோ கழட்டவோ கூடாது.” டி-ஷர்ட்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே பையைத் திறந்தான், அவனே அடுக்கிய பை, மேலே துண்டு, துண்டுக்கு அடியில் அவனுடைய பழைய நீலச் சட்டை, தொளதொளவென்று இருக்கிறதென்று அவன் போடாமல் ஒதுக்கியது, இஸ்திரி போட்டு, மேல் பட்டன் ஒன்று புதிதாகத் தைத்து. அவன் இதை எடுத்து வைக்கவில்லை.

“எடுத்துட்டுதானே வந்திருக்கீங்க” என்றாள் நர்ஸ். “பட்டன் வச்ச சட்டை எடுத்துட்டு வரச் சொல்ல நேத்து சாயங்காலம் போன் பண்ணேன், நீங்க குளிக்கிறீங்கன்னு உங்க வீட்ல எடுத்தாங்க. அது எதுக்குன்னு கேட்டாங்க, நெஞ்சுலேர்ந்து எடுத்துத் தலைல நடறதைச் சொன்னேன். கம்பளி முழுசும் போயிடுமான்னு கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல.” பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், அவங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரியும்” என்றான். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று உறைத்தது.

தெரியும், நேற்றிலிருந்து மட்டுமா... நேற்று இரவு அவள் கம்பளி என்று சொல்லவில்லை, அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை, கன்னத்தை வைத்தவள் வைத்தபடியே இருந்தாள், விரலால் அளைந்துகொண்டேயிருந்தாள், மூன்று நாள் பிரிவுக்கு இவ்வளவா என்று அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். எல்லாவற்றையும் கேலி செய்கிறவள் ஒன்றை மட்டும் கேலி செய்யாமல் விட்டாளே, அது கண்ணில் படாததாலா? படத்தை ஒட்டாமல் எடுத்து வைத்தவள்... கல்யாணமான புதிதில் ம் என்றாளே, அதிலேயே எல்லாம் இருந்திருக்குமோ? அப்படியென்றால் இத்தனை வருஷமும் மறைத்தது யார், அவனா அவளா? பார்க்கப்பட்டதற்கு வெட்கப்படுவதா, பார்த்தும் காட்டிக்கொள்ளாமல் ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருந்ததற்கா? போனை எடுத்தான், வைத்தான். டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தவன், அவள் கன்னம் வைக்கிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தான். மருந்தில் மரத்துப்போயிருந்தது, கை அங்கேதான் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.