பாட்டு நின்ற பிறகு

மருத்துவமனையின் பொது வழிபாட்டுக் கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மருந்தக்காதான். மருந்துகளைக் கையாளும் பிரிவில் தலைமை அவளுக்கு. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அவளுடைய மார்க்கத்தில் பாட்டு கிடையாது, படம் கிடையாது. கண்ணை மூடிச் சும்மா உட்கார வேண்டும். மனம் அடங்கினால் கடவுள் வருவார் என்பது நம்பிக்கை. கணவர் இறந்த பிறகு அவளுக்கு ஒருநாளும் மனம் அடங்கவில்லை. அந்தப் பழியைத் தூக்கி, கூடத்தில் பாடும் ஆம்புலன்ஸ் டிரைவர் தலையில் போட்டாள்.

பல நாட்டு ஆட்கள் வேலைக்கு வந்து சேர்ந்ததில் கூடத்தின் வழிபாட்டு நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. அவள் கண்ணை மூடும்போதுதான் மறுகோடியில் டிரைவரின் கூட்டம் பாடும். அவருக்கு வெண்கலக் குரல். அவர் வண்டிக்குச் சைரன் தண்டம் என்பார்கள்.

சுவர் எங்கே வரவேண்டும் என்று பார்க்க ஒலிப் பொறியாளர் பெண் ஒருத்தி மைக்கோடு வந்திருந்தாள்.

"உங்க சாமிக்குக் காது கொஞ்சம் மந்தமாண்ணே?" என்றாள் மருந்தக்கா.

"உங்க சாமி மட்டும் என்னவாம்? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றார் டிரைவர்.

பொறியாளர் சிரிப்பை விழுங்கினாள். "அண்ணே, உரக்கப் பாடிட்டு சட்டுனு நிறுத்துங்க. அப்புறம் யாரும் மூச்சுகூட விடாதீங்க. சத்தம் எவ்வளவு நேரம் தங்குதுன்னு பாக்கணும்."

டிரைவர் தன் கடவுளைக் கூப்பிட்டுப் பாடினார். மேலே மேலே போய், உச்சியில் நிறுத்தினார்.

குரல் நிற்கவில்லை. உயரமான கூரைக்குப் போய், பாடியவர் இல்லாமலே அங்கே சுற்றியது. மெலிந்தது. நூலானது. காதால் அதைப் பிடித்துக்கொண்டே போன மருந்தக்காவுக்கு அது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அது போன வழியாகவே நிசப்தம் இறங்கி வந்தது. அத்தனை பெரிய நிசப்தத்தை அவள் கேட்டதில்லை. மாதக்கணக்கில் அவள் தேடி அலைந்தது, தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

டிரைவரும் அசையாமல் நின்றிருந்தார்.

"என்னம்மா இது?" அவர் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "நாங்க பாடும்போது ஒருத்தர் விட்டா இன்னொருத்தர் புடிச்சுக்குவோம். நான் விட்டதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு இத்தனை வருஷத்துல கேட்டதே இல்ல."

"இதுக்குத்தாண்ணே நாங்க உக்கார்றது." மருந்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறியாளரிடம் திரும்பினாள். "சுவர் வந்தா இது இருக்குமாம்மா?"

"இருக்காதுக்கா. இடம் சுருங்கிடும். ரெண்டு பக்கமுமே சத்தம் உடனே அடங்கிடும்."

"அப்ப சுவர் வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. நான் ரெக்கார்டிங் பட்டனை அமுக்கவே மறந்துட்டேன்," என்றாள் பொறியாளர்.

டிரைவர் சிரித்த சிரிப்பு கூரையில் உருண்டது.

"அண்ணே, இன்னொரு தடவ பாடுங்க," என்று மருந்தக்கா தரையில் உட்கார்ந்தாள். அவர் முடிக்கும்வரை காத்திராமல், முதல் சொல்லிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.