பத்தடி பின்னால்

மலைகளும் பள்ளத்தாக்குகளும் அவற்றில் மேயும் ஆடுகளும் கவனத்தில் கொள்ள வேண்டிய செய்தி: முப்பத்திரண்டு வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இன்று காலை ஆறு மணிக்கு, ஜீப்பின் துணையின்றி, சொந்தக் கால்களால் யாத்திரைப் பாதையில் இறங்கினார். அவருக்குப் பத்தடி பின்னால், இறந்து இரண்டு வருடமான அவருடைய மனைவியும் நடந்தாள்.

பத்தடி என்பது கல்யாணமான மறுநாள் ஏற்பட்ட ஏற்பாடு. கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ, அவர் விறுவிறுவென்று முன்னால் போவார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். இந்தப் பாதையில் ஒருமுறை நடக்க வேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், ரிட்டயர் ஆகட்டும் பார்க்கலாம் என்றார். அதற்கு நான்கு மாதம் முன்பே அவள் போய்விட்டாள். சான்றிதழில் அவரே கையெழுத்துப் போட்டார்.

முதல் ஏற்றத்தில் இருந்த டீக்கடைக்காரி பெஞ்சில் இரண்டு டம்ளர் வைத்தாள். "ஐயா, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன். அம்மாவுக்கு மூச்சு வாங்குது பாருங்க." அவர் திரும்பிப் பார்த்தார். பாதை, பனி, ஓர் ஆடு. மறுபடி பெஞ்சைப் பார்த்தபோது இரண்டாவது டம்ளர் காலியாக இருந்தது.

நடுவழிச் சாவடியில் யாத்திரை அட்டையில் முத்திரை குத்துகிறவர், அம்மாவின் அட்டையையும் கேட்டார். பதிவாளருக்குப் பழைய அதிகாரம் ஏறிவிட்டது. "அவ செத்து ரெண்டு வருஷமாச்சுய்யா. பதிவு பண்ணினதே நான்தான்." சாவடிக்காரர் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். "தேதியைத் தப்பாப் போட்டுட்டீங்களாமே, அம்மா சொல்றாங்க."

உண்மைதான். புதன்கிழமை போனவளுக்குச் செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டிருந்தார். அன்று அவர் கை அவர் கையாக இல்லை. அவருடைய சர்வீஸிலேயே நேர்ந்த அந்த ஒரே பிழை வேறு ஈ காக்கைக்குத் தெரியாது.

அதன்பின் அவளை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யாத்திரை இல்லை. திடீர் திடீரென்று திரும்பினார். அரை மைல் பின்பக்கமாகவே நடந்து முள்ளில் விழுந்தார். தூக்கிவிட்ட ஆட்டுக்காரன், "என்ன சார் இது, நீங்க திரும்பத் திரும்ப அவங்களும் உங்க முதுகுப் பக்கமே சுத்தி வர்றாங்க, அவங்களுக்குத் தலை சுத்திடும்" என்று கண்டித்தான்.

கடைசி ஏற்றத்தில் அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "நீ முன்னாடி போ." புல் கொஞ்சம் அசைந்தது. பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்தபடி, மெதுவாக, தனியாக ஏறினார். தேதிக்கு மன்னிப்பு, மற்றதற்கெல்லாம் மன்னிப்பு என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தார்.

பொழுது சாயும்போது விடுதியை அடைந்தார். அம்மா வந்து ஒரு மணி நேரமாச்சு என்றார் வார்டன். அசந்து தூங்குறாங்க, எழுப்ப வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது.

அவருக்குக் கதவோரக் கட்டில் கிடைத்தது. அங்கே கொசு அதிகம்.