முழு டேங்க்

கணவாய்க்கு ஏறும் கடைசி வளைவுக்கு முன்னால் சைரா காரை நிறுத்தச் சொன்னாள். எர்மெக் ஓரங்கட்டுவதற்குள் பின் கதவைத் திறந்துவிட்டாள். ஆறு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையைக் கிலோமீட்டர் கல்லில் ஊன்றி வாந்தி எடுத்தாள். மே மாத வெயில் அடித்தாலும் சாலையின் நிழல் பக்கத்தில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாய் கொப்பளித்துவிட்டு அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்தாள்.

"பெட்ரோல் நாறுது."

"போன வாரம்தானே ஹோஸ் எல்லாம் மாத்துனேன்."

"நாறுதுங்கறேன்."

எர்மெக் காருக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தான். பழக்கதோஷம்தான், பிரயோஜனம் இல்லை. முந்தின குளிர்காலத்தில் வந்த காய்ச்சலோடு போன மோப்பம் திரும்பவே இல்லை. அடுப்பில் கறி வேகிறதா தீய்கிறதா என்பதுகூட சைரா சொன்னால்தான் தெரியும்.

கார் அவனைவிட வயதில் மூத்தது. ஊரிலிருந்து நரின் நகரத்துக்கு அதில்தான் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். ஏறுகிறவர்களிடம் வாசம் வருகிறதா என்று கேட்டால் வெளியே பார்ப்பார்கள், "பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான்" என்பார்கள், இல்லையென்றால் "ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். ஏறி உட்கார்ந்த வண்டியை முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. சைரா ஒருத்திதான் சொன்னாள். அவள் சொன்னதற்காகக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், டேங்க் மூடியின் வாஷரை மாற்றினான், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து பைப் முழுவதையும் தடவிப் பார்த்தான். கடைசியில் சந்தை மெக்கானிக் ஜுமாஷிடம் கொண்டுபோய் விட்டான். ஜுமாஷ் பானெட்டிலிருந்து டிக்கி வரை முகர்ந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணே, வண்டியில ஒரு மண்ணும் இல்ல. புள்ளத்தாச்சி மூக்குக்குக் கல்லுகூட நாறும்."

எர்மெக் சிரித்துவிட்டான். வீட்டுக்கு வந்து அதைத் தமாஷாகச் சொல்லவும் செய்தான். மாவு பிசைந்துகொண்டிருந்த சைரா தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றது, பிறகு மறுபடி பிசைந்தது. போன வருஷம் ஒரு கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அப்போதும் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரில்தான் போய்வந்தார்கள். அதைப் பற்றி இருவரும் இதுவரை வாய் திறந்ததில்லை.

இப்போது கல்லின்மேல் உட்கார்ந்தபடி அவள் நிதானமாகச் சொன்னாள். "நீங்க நம்பலேன்னா போகட்டும். உங்களுக்கு மூக்கு இல்ல, என்ன பண்ணுவீங்க. ஆனா இனிமே நான் இதுல ஏற மாட்டேன்."

"அப்ப இங்கயே உக்காந்திருப்பியா?"

"உக்காந்திருக்கேன்."

அவன் கெஞ்சினான், அதட்டினான், நாலு கண்ணாடியையும் இறக்கிக் காட்டினான். அவள் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அவர்கள் தெருவில் இருக்கும் தாலய், பின்னால் ஆடுகளைக் கட்டிக்கொண்டு தன் வேனில் ஏறி வந்தான்.

"என்னண்ணே, அண்ணியை நடு மலையில இறக்கி விட்டுட்டீங்க?"

சைரா எழுந்து வேனின் முன் சீட்டில் ஏறிவிட்டாள்.

"அண்ணி, நம்ம வண்டி ஆட்டு நாத்தம் அடிக்குமே!"

"ஆடுதானே. அடிக்கட்டும்."

நகரம் வரும்வரை எர்மெக் அந்த வேனின் பின்னாலேயே வந்தான். வேனின் பின் கண்ணாடியில் ஒரு ஆடு அவனையே பார்த்துக்கொண்டு வந்தது. தன் பெண்டாட்டியைத் தன் வண்டியில் ஏற்றிப்போக வக்கில்லாதவன் என்று தாலய் இன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிடுவான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் சொல்வது நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆண்கள் தாண்டக்கூடாத கதவுக்கு அந்தப் பக்கம் சைராவைக் கூட்டிப்போனார்கள். எர்மெக் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு டாக்டரம்மாவின் முன்னால் நின்றான்.

"பெட்ரோல் வாசம் புள்ளைக்கு ஏதாச்சும் பண்ணுமா? போன தடவையும் இந்த வண்டிலதான்..."

"நல்லதில்ல. ஆனா போன தடவை போனது எதனாலன்னு இப்ப யாரு சொல்ல முடியும்? நீங்க அதைப் போட்டு உழப்பிக்காதீங்க."

உழப்பிக்கொள்ளாமல் எப்படி இருப்பது? காரில் போய் உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவனின் கண்ணில் பெட்ரோல் முள் பட்டது. ஏறக்குறைய முழு டேங்க். ஊருக்குள் சுற்றும்போது அரைக்கு மேல் அவன் போடுவதே இல்லை. ஜுமாஷிடம் விட்டபோது அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. நகரத்துக்கு வரும் நாளில் மட்டும்தான் ஊர் எல்லை பெட்ரோல் பங்க்கில் நிரப்புவான். சைரா ஏறுவதும் அந்த நாட்களில்தான்.

பக்கத்து பங்க்கில் வாய் வரை நிரப்பினான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டில் முன்பக்கம் மேலே தூக்கியிருக்கும்படி வண்டியை நிறுத்தினான். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியையும் சாக்குகளையும் வெளியே எடுத்துப் போட்டு, பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் டேங்கை மறைத்த அட்டையைப் பிடுங்கினான். மூக்கு இல்லாதவன் எதைக் கொண்டு தேடுவது? விரல்களை நன்றாகத் துடைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனான். டேங்கின் உச்சியிலிருந்து வெளியே போகும் மெல்லிய காற்றுக் குழாயின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நுனி சில்லிட்டது. எடுத்துப் பார்த்தான், காய்ந்திருந்தது. மறுபடி வைத்தான், மறுபடி சில்லிட்டது. தொட்டதும் ஆவியாகிவிடும் பெட்ரோல். குழாயைக் கழற்றி வளைத்தபோது ரப்பரில் இருந்த வெடிப்பு வாயைத் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. டேங்க் நிரம்பி மேட்டில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் இது அவள் தலைக்குப் பின்னால் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அவன் அப்படியே டிக்கி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

சந்தையில் புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கி மாட்டினான். சீட்டுகளைக் கழற்றி மறுநாள் சாயங்காலம் வரை காற்றில் போட்டான். ஆஸ்பத்திரிக் காவலாளியைக் கூப்பிட்டு முகரச் சொன்னான். "ஒண்ணும் இல்லப்பா" என்றான் அவன். எத்தனை பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

பிரசவ வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னல்களிலிருந்து பெண்கள் பேண்டேஜ் துணியை முறுக்கிக் கயிறாக்கிக் கீழே விட்டு, புருஷன்மார் கொண்டுவந்த ரொட்டியையும் தயிரையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எர்மெக் பழைய குழாயைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"சைரா! கெடச்சிருச்சு! டேங்க் மேல போற குழா! நீ சொன்னதுதான் சரி!"

ஜன்னலெல்லாம் சிரித்தன. "எங்க வீட்டு ஆளும் இப்படி ஒரு தடவை சொன்னா தேவலையே" என்று ஒருத்தி கத்தினாள். சைரா சிரிக்கவில்லை. கயிறு ஒன்றை வாங்கிக் கீழே விட்டாள்.

"சீட்டுத் துணியில கொஞ்சம் அனுப்புங்க."

பின் சீட்டில் அவள் தலை சாய்க்கும் இடத்திலிருந்து கத்தியால் ஒரு துண்டை அறுத்து முடிந்தான். அது காற்றில் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. அவள் அவிழ்த்து, இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். மூக்கும் வாயும் துணிக்குள் மறைந்தன. கண்கள் மூடியிருந்தன. கீழே நின்ற எர்மெக் தன்னை அறியாமல் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தான். குளிர்ந்த காற்று மட்டும் உள்ளே போனது.